ஒரு பண்ணைக் கணக்கில் 1,490 பெயர்கள்: ஸ்ட்ரோக்ஸ்டவுன், 1847

1979-ஆம் ஆண்டு, அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் வாகன விற்பனை நிலையம் நடத்திவந்த ஒருவர், தம் தொழிலை விரிவாக்க இடம் தேடி, ஊர் முகப்பில் இருந்த பழைய நிலக்கிழார் மாளிகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் விலைக்கு வாங்கினார். மாளிகைக்குள் இருந்த பண்ணை அலுவலகத்தில் காகிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றைப் புரட்டியபோது அவர் கைக்கு வந்த தாள்களில் ஒன்று, 1846 ஆகஸ்டில் க்ளூனாஹீ பகுதிக் குடியானவர்கள் தங்கள் நிலக்கிழாருக்கு அனுப்பிய மனு. உருளைக்கிழங்கு அழுகிவிட்டது, வீட்டில் தானியம் இல்லை, பிள்ளைகள் சோறு கேட்டு அழுவதை இனியும் பொறுக்க முடியாது, கடவுளின் சட்டத்துக்கோ நாட்டின் சட்டத்துக்கோ விரோதமான எதிலும் சேர எங்களுக்கு மனமில்லை, ஆனால் பசி எங்களை அதற்குத் தள்ளாதிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதைப் படித்த பிறகு அவர் மாளிகையைத் தட்டுமுட்டுச் சாமான்களோடும் காகிதங்களோடும் அப்படியே காப்பாற்ற முடிவு செய்தார். அவ்வாறு தப்பிய ஆவணங்கள் 50,000-க்கும் மேற்பட்டவை. 1994-இல் அந்த மாளிகை வளாகத்திலேயே தேசியப் பஞ்ச அருங்காட்சியகத்தை அன்றைய குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்து வைத்தார்.

1845 முதல் 1852 வரை நீடித்த அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர்; அதற்கும் குறையாத எண்ணிக்கையில் மக்கள் கடல் கடந்தனர். இவ்வளவு பெரிய எண்களைப் படிக்கும்போது மனத்தில் உருவம் எதுவும் எழுவதில்லை. ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையில் மட்டும், 1847-ஆம் ஆண்டு கப்பலேற்றப்பட்ட 1,490 பேரை ஊர்வாரியாகவும் குடும்பவாரியாகவும் பெயரிட்டுக் குறித்த பட்டியல் கிடைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் எதற்காக எழுதப்பட்டது, யார் எழுதியது, அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய பிற தாள்களும் படங்களும் எவை என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பண்ணையின் நிலை

மஹோன் குடும்பம் அந்த நிலத்தைப் பெற்றது 17-ஆம் நூற்றாண்டில். மாளிகையின் இன்றைய தோற்றம் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சமையற்கூடத்தின் மேலே ஒரு மாடம் ஓடுகிறது. வீட்டுத் தலைவி கீழே இறங்காமல் அங்கிருந்தபடியே வாரத்துக்கான உணவுப் பட்டியலைச் சமையல்காரருக்குப் போடுவது வழக்கம் என்று சொல்லப்படுகிறது. பணியாட்கள் மாளிகையினர் கண்ணில் படாமல் போய்வர நிலத்தடிச் சுரங்கப் பாதையும் உண்டு. க்ளூனாஹீ மனு வந்து சேர்ந்த வீடு இத்தகையது என்பதை அதைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேஜர் டெனிஸ் மஹோன் 1845-இன் இறுதியில் இந்தப் பண்ணையின் உரிமையாளரானார். அவருக்கு முன் உரிமையாளராக இருந்த மூன்றாம் ஹார்ட்லண்ட் பிரபு மனநோயுற்றிருந்ததால் பண்ணை பல ஆண்டுகள் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கிடந்தது. குத்தகை நிலுவை குவிந்திருந்தது. நிலம் உள்குத்தகையாகவும் அதற்கும் கீழ் உள்குத்தகையாகவும் துண்டுபட்டுப் போயிருந்தது. அந்தப் பண்ணையில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்கு மிகச் சிறிய துண்டு நிலம் போதும் என்ற நிலையை உருவாக்கியது உருளைக்கிழங்குதான். அந்தப் பயிரைப் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரி தாக்கி, தோண்டியெடுத்த கிழங்கைச் சில நாட்களில் கறுத்த கூழாக்கியது. மஹோன் பண்ணைக்கு உரியவரான அதே இலையுதிர் காலத்தில்தான் அந்நோய் அயர்லாந்தில் முதன்முதலாகக் காணப்பட்டது.

இங்கே சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1843-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஆண்டு மதிப்பு 4 பவுண்டும் அதற்குக் குறைவுமான நிலங்களுக்கு, ஏழைகளின் பராமரிப்புக்காக வசூலித்த ‘ஏழை வரி’ முழுவதையும் நிலக்கிழாரே கட்ட வேண்டும். சிறு குத்தகைதாரர்கள் மிகுந்திருந்த பண்ணையில், அவர்கள் குத்தகையும் கட்டமாட்டார்கள், அவர்களுக்கான வரியும் நிலக்கிழார் தலையில் விழும். 1847 ஜூனில் வந்த சட்டத்தின் ஒரு பிரிவு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் கிடையாது என்றது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட வேண்டும். ஒவ்வொரு சட்டத்துக்கும் அதைக் கொண்டுவந்தவர்கள் ஒரு நியாயம் சொன்னார்கள். சேர்ந்து வேலை செய்தபோது அவற்றின் விளைவு, சிறு குடியானவரை நிலத்திலிருந்து பெயர்ப்பதாக அமைந்தது.

காரியஸ்தரின் கணக்கு

1846-இன் இறுதிப் பகுதியில் பண்ணையின் நிர்வாகம் ஜான் ராஸ் மஹோன் என்ற காரியஸ்தரின் கைக்கு வந்தது. டப்ளினில் நிலக் காரியஸ்தர் தொழில் நடத்திவந்த அவர், உரிமையாளரின் குடும்பப் பெயரையே கொண்டவர். அவர் எழுதிய கடிதங்கள் பண்ணைத் தாள்களின் நடுநாயகமானவை. அவரது வாதம் எளியது: இந்த நிலத்தில் இத்தனை பேர் இருக்கும்வரை குத்தகை வராது, மூன்றில் இரண்டு பங்கினர் போக வேண்டும், ஏழை விடுதியில் ஓராண்டு வைத்துச் சோறு போடும் செலவைவிட ஒரு முறை கப்பல் கட்டணம் கொடுப்பது மலிவு. உரிமையாளர் முதலில் தயங்கினார், பிறகு இசைந்தார். ஏறத்தாழ 4,000 பவுண்டு ஒதுக்கப்பட்டது. முதலில் அனுப்ப வேண்டியவர்கள் மிகவும் வறியவர்கள், அதாவது பண்ணைக்கு வரிச்சுமையாக வரக்கூடியவர்கள் என்பது மேஜர் மஹோனின் சொந்தக் கருத்து. அதைத் தம் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

1,490 பேரின் பட்டியல் இந்தக் கணக்கின் வழியாகத்தான் பிறந்தது. எத்தனை தலை, எத்தனை முழுக் கட்டணம், எத்தனை அரைக் கட்டணம், எந்த ஊரில் எந்த வீடு காலியாகும் என்று அறிய ஒரு செலவுத் தாள் தேவைப்பட்டது. இன்று அதே தாள் நினைவுச் சின்னமாக மதிக்கப்படுகிறது. 2014-இல் ஸ்ட்ரோக்ஸ்டவுனில் தேசியப் பஞ்ச நினைவேந்தல் நடந்தபோது அந்தப் பெயர்கள் பொறித்த கண்ணாடிச் சுவர் திறக்கப்பட்டது. செலவுத் தாளாக எழுதப்பட்டதை நினைவுச் சின்னமாகப் படிப்பதில் தவறில்லை. ஆனால் படிப்பவர், அதில் இருப்பது பண்ணைக்கு வேண்டியிருந்த செய்தி மட்டுமே என்பதை மறக்கலாகாது. போக விருப்பமா என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

வரலாற்று நூல்கள் இதை ‘உதவிபெற்ற குடிபெயர்வு’ என்று குறிக்கின்றன. குத்தகை நிலுவை தள்ளுபடி, கப்பல் கட்டணம், வழியுணவு ஆகியவை கொடுக்கப்பட்டன என்பதால் அந்தச் சொல் பொய்யாகாது. போகாவிட்டால் வெளியேற்றம், போனால் குடிசை இடிப்பு என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறிக்க அந்தச் சொல் போதாது என்பது என் கருத்து.

நடையும் கப்பலும்

1847 மே மாதத்தின் பிற்பகுதியில் இந்த 1,490 பேரும் ராயல் கால்வாயின் கரைவழியே டப்ளினுக்கு நடந்தார்கள். இன்று அதே தடத்தில் 165 கிலோமீட்டர் நீளமுள்ள தேசியப் பஞ்ச நடைபாதை அமைந்திருக்கிறது. அவர்கள் பாதிவழியில் திரும்பிவிடாமல் கப்பலேறும்வரை உடன் செல்லுமாறு பண்ணையின் சேவகர் ஒருவர் பணிக்கப்பட்டிருந்தார். டப்ளினிலிருந்து நீராவிப் படகில் லிவர்பூல். லிவர்பூலிலிருந்து வர்ஜீனியஸ், நவோமி, ஜான் மன், எரின்ஸ் குயின் ஆகிய நான்கு பாய்க்கப்பல்களில் கியூபெக்.

நியூயார்க்கை விடுத்துக் கியூபெக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் கட்டணம். கனடாவிலிருந்து பிரிட்டனுக்கு மரம் ஏற்றி வந்த கப்பல்கள் திரும்பும்போது வெறுமையாகப் போவதைவிட, சரக்குக் கிடங்கில் பலகைத் தட்டுகளை அடித்து ஆட்களை ஏற்றிச் செல்வது கப்பல் உரிமையாளருக்கு ஆதாயம். அமெரிக்க ஐக்கிய நாடோ அதே ஆண்டில் பயணிகள் சட்டத்தை இறுக்கியது; அங்கே செல்லும் கட்டணம் ஏறியது. 1842-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பயணிகள் சட்டப்படி ஒருவருக்கு வாரம் 7 ராத்தல் உணவுப்பொருளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தண்ணீரும் தர வேண்டும். ஏற்கெனவே பட்டினியால் மெலிந்தவர்களுக்கு இது உயிர் தரிக்கும் அளவே. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடலில் வாழும் பேன் என்பது அன்றைய மருத்துவருக்குத் தெரியாது. அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிறுவப்பட்டது. மாற்றுடையில்லாமல், ஒரே பலகைத் தட்டில் நெருக்கியடித்துப் படுத்து, இரண்டு மாதம் கடலில் கிடந்தவர்களிடையே அது பரவியதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மே 28-இல் லிவர்பூலை விட்டுப் புறப்பட்ட வர்ஜீனியஸில் 476 பயணிகள் இருந்தனர். ஜூலை இறுதியில் அது, கியூபெக் அருகே தொற்றுத்தடை முகாமாக இருந்த க்ரோஸ் ஈல் தீவை அடைந்தபோது, கப்பல் பணியாளர் சிலர் உட்பட 158 பேர் கடலில் இறந்திருந்தனர். தீவின் மருத்துவக் கண்காணிப்பாளர் ஜார்ஜ் டக்ளஸ் தம் அறிக்கையில், கப்பலின் மேல்தளத்துக்கு வர முடிந்தவர்கள்கூட மஞ்சள் பூத்து, கன்னம் ஒட்டிப் பேயுருவாக நின்றதையும், உண்மையான உடல்நலத்தோடு இருந்தவர்கள் ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் இல்லை என்பதையும் எழுதினார். நான்கு கப்பல்களிலும் தீவின் கொட்டகைகளிலுமாக, ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து புறப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தனர்.

கியூபெக் நகரத்துக்குக் கீழே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உள்ள க்ரோஸ் ஈல், 1832-இல் காலராவைத் தடுக்கத் தொற்றுத்தடை முகாமாக அமைக்கப்பட்டது. 1847-இல் அந்த ஆற்றுவழியே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பி வந்தார்கள். மே மாத இறுதியில் ஏறத்தாழ 40 கப்பல்கள் தீவின் முன்னே வரிசையாக நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தன. அந்த ஆண்டு அங்கே புதைக்கப்பட்டவர்கள் 5,000-க்கும் மேற்பட்டவர்கள். 1909-இல் அத்தீவின் உச்சியில் நிறுவப்பட்ட செல்டிக் சிலுவை இன்றும் ஆற்றில் செல்வோருக்குத் தெரிகிறது.

இறப்புச் செய்தியும் துப்பாக்கிக் குண்டும்

இலையுதிர் காலத்தில் கனடாச் செய்திகள் ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்கு வந்து சேர்ந்தன. ஒரு கப்பல் எல்லோரோடும் மூழ்கிவிட்டது என்ற வதந்தியும் பரவியது. 1847 நவம்பர் 2-ஆம் தேதி மாலை, ராஸ்காமனில் ஏழை நிவாரணக் குழுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு வண்டியில் திரும்பிய மேஜர் மஹோன் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இக்கொலை பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை அதிர்வை ஏற்படுத்தியது. அடுத்த மாதமே அயர்லாந்துக்கென ஒரு கடுமையான குற்றத்தடுப்புச் சட்டம் வந்தது. உள்ளூர்ப் பங்குத்தந்தை மைக்கேல் மெக்டெர்மட் தம் பீடத்திலிருந்து மஹோனைப் பழித்துத் தூண்டினார் என்று பிரபுக்கள் அவையில் குற்றம் சாட்டப்பட்டது; அவர் அதை மறுத்தார். 1848-இல் சிலர் தூக்கிலிடப்பட்டனர்.

இந்தப் பூசலிலிருந்துதான் இரண்டாவது பட்டியல் பிறந்தது. எல்ஃபின் மறைமாவட்ட ஆயர் ஜார்ஜ் பிரவுன், தம் குருவைக் காக்கும் முகமாக, பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் விவரத்தை 1848-இல் செய்தித்தாளில் வெளியிட்டார்: 605 குடும்பங்கள், 3,006 பேர். பண்ணையின் பட்டியலில் 1,490. ஆயரின் பட்டியலில் அதைப் போல் இரண்டு மடங்கு. இதில் ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் கொள்வது பிழை. காரியஸ்தர், தாம் பணம் கட்டியவர்களை எண்ணினார். ஆயர், வீடிழந்தவர்களை எண்ணினார். கப்பலேறாமல், ஏழை விடுதிக்கோ வரப்போரக் குடிலுக்கோ போனவர்களை ஆயரின் பட்டியலில் மட்டுமே காண்கிறோம். தன் பொறுப்பில் வந்தவர்களை மட்டும் எழுதிவைத்த அலுவலகத்தின் காகிதத்தை மட்டுமே நம்பியிருந்தால், அவர்கள் வாழ்ந்ததற்கே சான்று குறைந்துபோயிருக்கும்.

படங்களைப் பற்றி

பஞ்சத்தைப் பற்றிய கட்டுரைகளோடு அடிக்கடி ஒரு புகைப்படம் வரும்: ஓலைக்கூரைக் குடிசை, அதன் சுவரை இடிக்க மூன்று கால் சட்டத்தில் தொங்கும் பெரிய மரத்தூண், சுற்றிக் காவலர்கள், சீருடையினர். அது பஞ்சக் காலத்துப் படமாகாது. அத்தகைய படங்கள் பெரும்பாலும் 1880-களின் நிலப் போராட்டக் காலத்தவை. கிளேர் மாவட்டத்தின் கில்ரஷ் பகுதியில் 1888 ஜூலையில் நடந்த வான்டலூர் பண்ணை வெளியேற்றங்களின் காட்சிகள் அவற்றில் புகழ்பெற்றவை. டப்ளினின் லாரன்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் பிரெஞ்சு எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் ஆயிரக்கணக்கில் இன்று அயர்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. புகைப்படக் கலை 1839-இல் அறிவிக்கப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் டப்ளினில் நிலையமும் வந்துவிட்டது. ஆனால் அதன் முன் அமர்ந்தவர்கள் காசுள்ளவர்கள். க்ளூனாஹீயின் குடியானவர் முகம் எந்தத் தகட்டிலும் பதியவில்லை.

1847-இன் காட்சிக்கு நாம் நம்ப வேண்டியது மரச்செதுக்குப் படங்களை. ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழுக்காகக் கார்க்கைச் சேர்ந்த ஓவியர் ஜேம்ஸ் மஹோனி, 1847 பிப்ரவரியில் ஸ்கிபரீன் பகுதியில் வரைந்தவை அவற்றுள் முதன்மையானவை. ஓவியரின் கோட்டுச்சித்திரம் லண்டனுக்குப் போகும். அங்கே அது மரக்கட்டையில் மாற்றி வரையப்படும். பெரிய படமானால் கட்டையைத் துண்டுகளாகப் பிரித்துப் பல செதுக்குநர் ஒரே நேரத்தில் வேலை செய்து பின் பொருத்துவார்கள். எனவே அச்சில் நாம் காணும் முகத்தில் அயர்லாந்தைப் பார்த்தே இராதவர்களின் கையும் உண்டு. 1849 டிசம்பரில் அதே இதழில் வந்த, கிழிந்த உடையில் இரு குழந்தைகளை அணைத்து நிற்கும் பிரிட்ஜட் ஓ’டானலின் படமும் இவ்வழியில் வந்ததே. அந்தப் படத்தோடு அவளுடைய வாக்குமூலமும் அச்சாயிற்று: காய்ச்சலில் படுத்திருந்தபோது வெளியேற்றம், வயிற்றில் இருந்த குழந்தையின் இழப்பு, பிறகு மகனின் இறப்பு. என் கணிப்பில், அந்தப் படத்துக்கு நம்பகத்தைத் தருவது அதன் கீழுள்ள வாக்குமூலம். இரண்டையும் பிரித்து, படத்தை மட்டும் எடுத்து ஒட்டும் இன்றைய வழக்கம் அவளுடைய சொல்லை மீண்டும் ஒருமுறை பறிப்பதாகும்.

பஞ்சத்துக்குச் சற்று முன் முடிந்த, ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் நில அளவை வரைபடங்களைக் குறைத்து மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவற்றில் ஒவ்வொரு குடிசையும் சிறு கட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும். நூற்றாண்டின் இறுதியில் வந்த பெரிய அளவு வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தால், கட்டங்கள் கொத்தாக இருந்த இடத்தில் நேர்கோட்டு வரப்புகளுடன் மேய்ச்சல் நிலம் தெரியும். ராஸ்காமன் மாவட்டத்தின் மக்கள்தொகை 1841-இல் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்து, 1851-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எண்ணிக்கை இருக்கிறது, வீடு வீடாக எழுதிய படிவங்கள் இல்லை. டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூனில் உள்நாட்டுப் போரின் வெடிப்பில் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புப் படிவங்கள் மிகச் சில நீங்கலாக அழிந்தன. ஒரு தனியார் பண்ணை அலுவலகத்தின் தாள்களுக்கு இத்தனை மதிப்பு வந்ததற்கு அந்தத் தீயும் ஒரு காரணம்.

மண்ணுக்கடியில்

ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்கு அருகே பாலிகில்க்லைன் என்னும் ஊர்ப்பிரிவு அப்போது பிரிட்டிஷ் மகுடத்தின் நேரடிச் சொத்தாக இருந்தது. அங்கே குடியானவர்கள் பல ஆண்டு குத்தகை கட்ட மறுத்து வழக்காடி, 1847-48-இல் வெளியேற்றப்பட்டு நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டனர். 1990-களின் இறுதியில் தொல்லியலாளர் சார்லஸ் ஆர்சர் அங்கே அகழ்ந்தபோது, இங்கிலாந்தில் செய்த மெருகிட்ட, வண்ணப் பூவேலையுள்ள தட்டுகளும் கிண்ணங்களும் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. அதிகாரிகளின் தாள்கள் அவர்களை நாகரிகமற்ற கலகக்காரர்களாகக் காட்டின. உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீலப்பூத் தட்டின் துண்டு, சந்தைக்குப் போய் பேரம் பேசி, பிடித்ததை வாங்கி வந்து அலமாரியில் வைத்த ஒரு வீட்டைக் காட்டுகிறது.

இன்னொரு பொருளும் இந்த வரிசையில் வரும். வடக்கு ராஸ்காமனில் இடிந்த குடிசை ஒன்றின் கூரை ஓலைக்குள், 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குழந்தைக் காலணிகள் ஒன்றோடொன்று கட்டிய நிலையில் கிடைத்தன. அவற்றை மாதிரியாகக் கொண்டு வார்த்த வெண்கலக் காலணிகள் கால்வாய் நடைபாதை நெடுகிலும் வைக்கப்பட்டுள்ளன.

ஆற்றுக்கு அக்கரையில்

பண்ணையின் ஆவணங்கள் கப்பல் கட்டணத்தோடு முடிகின்றன. அதன் பின் நடந்ததைக் கனடாவின் ஏடுகளில்தான் தேட வேண்டும்: க்ரோஸ் ஈல் மருத்துவமனைப் பதிவுகள், கியூபெக்கின் பங்குப் பதிவேடுகள், பெற்றோரை இழந்த 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குடும்பங்களிடம் ஒப்படைத்த கத்தோலிக்க அறக்குழுவின் பேரேடு. ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து நவோமி கப்பலில் சென்ற ஒரு சிறுவனும் அவன் தங்கையும் அந்த வழியாக, பிரெஞ்சு பேசும் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் சேர்ந்தனர். குடும்ப வழக்கின்படி, அண்ணனை மட்டும் எடுத்துக்கொள்ள வந்தவர்கள், இருவரும் ஒருவரையொருவர் விடாமல் அழுததைக் கண்டு இருவரையும் அழைத்துச் சென்றனர். அவன் வழிவந்தவர்கள் தலைமுறைகளாக அதே நிலத்தில் உழுதுவந்தார்கள்; அவர்களுள் ஒருவர் 2013-இல் ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்கு வந்தார்.

அவரைப் பட்டியலோடு இணைத்துக் காண்பது எளிதாக இருக்கவில்லை. பண்ணையின் கணக்கர் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகளில் எழுதிய அக்குடும்பப் பெயர், கியூபெக்கில் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கியிருந்தது. 1,490 பேரில் மீதியுள்ளவர்களைத் தேடும் பணி நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பதிவேடுகளைப் புரட்டுபவர்கள் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அதன் ஒலியைப் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் எப்படி எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்த்துத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள்.